அரைக்கட்டை ஏறிப்போன குரல்: நாட்டுப்புறப் பாடகியின் ‘சூப்பர் ஹிட்ஸ்’ தொகுப்பை வெளியிட்ட நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

உங்கள் தொகுப்பின் மூன்றாவது பாட்டில், பாடகி வாய் திறப்பதற்கு முன் ஏழெட்டு விநாடி வெறும் சுதிப்பெட்டி மட்டும் ஓடுகிறது. அந்த இடத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். சுதிக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருக்கிறது. ஒலிப்பதிவு நடந்த அறையின் மின்சாரம் நாடாவில் விட்டுவிட்டுப் போன தடம் அது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் தொகுப்பில் அந்த இரைச்சல் 52.5 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதாவது, கணினிக்கு மாற்றும்போது நாடா 5 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது.

5 சதவீதம் என்றால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் ஆறு கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். 9 நிமிடப் பாட்டு 8 நிமிடம் 34 விநாடியில் முடிந்துவிடும். நேரம் குறைந்தது பெரிய விஷயமில்லை. அந்த அம்மாவின் குரலில் இருந்த கனம் போய்விட்டது. நெஞ்சிலிருந்து எழும்பும் கனத்த தொண்டை அவருடையது. இரண்டு ஊர் தள்ளி மைக்செட்டில் கேட்டாலும் இன்னார் என்று தெரியும். உங்கள் தொகுப்பில் யாரோ ஒரு சின்னப்பெண் மூக்கால் பாடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் நிறுவனத்தின் பெயரையும் பாடகியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. உங்களுக்கு எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கேசட் உரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தொகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் இதைப் படிக்கட்டும். வேகக் குறையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மற்றதையெல்லாம் ரசனை வேறுபாடு என்று நீங்கள் தள்ளிவிடலாம். இது கருவி வைத்து அளக்கக்கூடியது.

மின் இரைச்சலை மட்டும் வைத்து நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. 1980களில் நம் மின்தொகுப்பின் 50 ஹெர்ட்ஸே ஒரு நிலையில் நிற்காது. தெற்கே பல நேரம் 50க்குக் கீழே இறங்கிக் கிடக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் நாடா 5 சதவீதத்துக்கும் அதிகமாகவே ஓடியிருக்கலாம். அதனால் அதே கேசட்டின் இரண்டு பிரதிகளை, வேகம் சரிபார்த்த டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) ஓட்டி ஒப்பிட்டோம். இரண்டிலும் சுதிப்பெட்டி ஒரே இடத்தில் நின்றது. உங்களுடையது மட்டும் மேலே இருந்தது.

இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சந்தையில் கிடைக்கும் யூஎஸ்பி கேசட் பிளேயரில் நாடாவைப் போட்டு நேரே கணினிக்கு எடுத்திருப்பார்கள். அந்தக் கருவிகள் 3, 4 சதவீதம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவது சர்வ சாதாரணம். கேசட்டின் சரியான வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். சரிபார்க்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடா இருக்கிறது. அதை ஓட்டி, கணினியில் அலைவரிசையைப் பாருங்கள். 3150 காட்டினால் சரி. 3307 காட்டினால் 5 சதவீதம் வேகம். பெரும்பாலான டெக்குகளில் மோட்டாரின் பின்பக்கம் சின்ன ஓட்டைக்குள் ஒரு திருகு இருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பி 3150க்குக் கொண்டுவர வேண்டும். டெக்கை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு செய்ய வேண்டும். குளிர்ந்த மோட்டாரில் சரிசெய்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி விலகிவிடும். பெல்ட் தளர்ந்திருந்தால் திருகி என்ன பயன், குரல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஹெட்டின், அதாவது நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் முனையின் கோணம். டெக்கின் ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கேசட் பதிந்த மெஷினின் கோணமும் நீங்கள் ஓட்டும் டெக்கின் கோணமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மயிரிழை சாய்ந்தாலும் மேல்ஸ்தாயி மங்கிவிடும். அதைவிட மோசம், இடது வலது சேனல்கள் ஒன்றுக்கொன்று பின்தங்கிவிடும். உங்கள் தொகுப்பின் ஏழாவது பாட்டை ஹெட்போனில் கேட்டால் சலங்கை கேட்கிறது. அதையே ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்டால் சலங்கையும் கைத்தாளமும் காணாமல் போகின்றன. இரண்டு சேனலும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. இந்தப் பாடல்களைக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயக்காட்டிலும் டிராக்டரிலும் டீக்கடையிலும் போன் ஸ்பீக்கரில் கேட்பவர்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சரிசெய்வது கஷ்டமில்லை. இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் வைத்து, ஹெட்டின் பக்கத்துத் திருகை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாக அங்குமிங்கும் திருப்பி, ஒலி எங்கே அதிகப் பளிச்சென்று இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒரு கேசட்டுக்கு ஒருமுறை போதாது. ஏ பக்கத்துக்குத் தனியே, பி பக்கத்துக்குத் தனியே.

டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கேசட்டின் உறையில் டால்பி முத்திரை இருந்தால்தான் டெக்கில் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். நாட்டுப்புறக் கேசட்டுகள் மிகப் பெரும்பாலும் டால்பி இல்லாமல் பதிந்தவை. உங்கள் பதினோராவது, பன்னிரண்டாவது பாட்டுகள் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கின்றன. பொத்தானை யாரோ அழுத்திவிட்டு மறந்துவிட்டார் என்று நினைக்கிறோம்.

இனி உறுமி. இந்தத் தொகுப்பில் எங்களுக்கு ஆற்றாமை அதிகம் தந்தது இதுதான். உறுமியின் ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். ‘ம்ம்ஊஊம்’ என்று ஏறி இறங்கும் அந்தத் தேய்ப்பில்தான் உறுமி என்ற பெயரே இருக்கிறது. நீங்கள் நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தத்தைப் போக்க மென்பொருளில் இரைச்சல் நீக்கியை முழுதாகத் திருகியிருக்கிறீர்கள். தொடர்ந்து ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல்தான். தேய்ப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. இப்போது கேட்பது ‘டக், டக்’ என்ற அடி மட்டும். உறுமியை வாசித்தவர் ஒரு கையால் வாசித்ததுபோல் ஆகிவிட்டது. நடவுப் பாட்டில் பெண்கள் சேர்ந்து போடும் குலவைக்கும் இதே கதி. தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குளுகுளுவென்று கேட்கிறது.

இரைச்சல் நீக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாட்டு தொடங்குமுன் வெறும் நாடா ஓடும் ஓரிரு விநாடியை மட்டும் மாதிரியாக எடுத்து, 6 டெசிபலுக்கு மேல் குறைக்காமல் விட்டால் போதும். கொஞ்சம் ‘ஸ்ஸ்’ மிச்சமிருக்கும். இருக்கட்டுமே. கேசட்டில் வளர்ந்த காது அதை அரை நிமிடத்தில் மறந்துவிடும். போன உறுமியைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் ஆகாது.

சத்தத்தை ஏற்றியதும் அப்படித்தான். எல்லாப் பாட்டையும், சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் நசுக்கி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பறையில் சிம்புக் குச்சியின் மெல்லிய சிட்டும் அடிக்குச்சியின் கனத்த அடியும் ஒரே அளவில் விழுகின்றன. அடியில் ஏற்ற இறக்கம் இல்லையென்றால் பறைக்கு ஆட முடியாது. இவ்வளவு நசுக்கியும் லாபமில்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிபரப்புகின்றன. யூடியூபும் சத்தமான பாட்டைக் குறைத்துத்தான் தருகிறது. நீங்கள் ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுகிறார்கள், நசுங்கியது மட்டும் மிச்சம்.

ஐந்தாவது பாட்டாக ஓர் ஒப்பாரி இருக்கிறது. அதற்கு அடியில் மின்னணுத் தாளம் ஒன்றை ஓட்டியிருக்கிறீர்கள். ஒப்பாரிக்கு அடித்தாளம் கிடையாது. அழுகை மூச்சு எங்கே முடிகிறதோ அங்கேதான் வரி முடியும். தாளத்துக்குள் அடங்காததால் மூச்சு வாங்கும் இடங்களை வெட்டி, சில இடங்களை இழுத்து, சில இடங்களைச் சுருக்கி, ஒரே நடையில் பொருத்தியிருக்கிறார்கள். விசும்பல் ஒன்று ஒழுங்கான இடைவெளியில் மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றும் ஒரே விசும்பல், நகலெடுத்து ஒட்டியது. இதைப் பாடியவர் கேட்டால் என்ன நினைப்பார் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா?

வெட்டியவை இன்னும் இருக்கின்றன. பதினான்காவது பாட்டு ஒரு கதைப்பாட்டு. கேசட்டில் ஏ பக்கம் முழுக்க ஓடி, பி பக்கத்தில் முடியும். உங்கள் தொகுப்பில் ஏ பக்கம் மட்டும், அதிலும் தொடக்கத்தில் உள்ள காப்பும் விருத்தமும் இல்லாமல் இருக்கிறது. கதை நடந்த ஊர் எது, யார் மகள், எந்தக் குலசாமி என்பதெல்லாம் அந்த விருத்தத்தில்தான் வருகிறது. அதைவிடக் கொடுமை, ஏ பக்க முடிவில் அந்த அம்மாவே ‘மீதிக் கதைய அடுத்த பக்கம் கேளுங்க’ என்று சொல்வதை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள். அடுத்து ஒரு கும்மி தொடங்குகிறது. தொகுத்தவர் இந்தப் பாட்டை ஒருமுறைகூடக் கடைசிவரை கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாட்டுகளைச் சுருக்கும் அவசரம் எங்களுக்குப் புரிகிறது. முப்பது விநாடி ஓடினால் ஒரு கேட்பு என்று கணக்கு வைக்கும் தளங்களில் பன்னிரண்டு நிமிடப் பாட்டும் ஒன்றுதான், மூன்று நிமிடப் பாட்டும் ஒன்றுதான். அப்படியானால் சுருக்கத்தைத் தனியாகப் போடுங்கள், முழுப்பாட்டையும் பக்கத்தில் வையுங்கள். நேரத்துக்குள் அடக்க ஒரு பகுதியை நீக்குவது மட்டும் கலைஞருக்கு இழுக்கு ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு விளக்கம் தருவதை நாங்களும் படித்திருக்கிறோம். விசும்பலை நகலெடுத்து ஒட்டுவதும் அரைக்கட்டை ஏற்றுவதும் அந்த விளக்கத்துக்குள் வராது. நிகழ்த்துபவர் தன் பெயரால் அடையாளம் காட்டப்படவும், தன் பெயருக்கு ஊறு செய்யும் சிதைவைத் தடுக்கவும் உரிமை உண்டு என்பதும் அதே பிரிவுதான். 2012 திருத்தத்தில் வந்தது.

பெயர் என்றதும் கேசட் பெட்டிக்குள் மடித்து வைக்கும் உறையான இன்லே கார்டுக்கு வருகிறோம். இந்தப் பாடல்கள் வந்த கேசட்டுகளின் உறைகளை எடுத்துப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் இல்லாவிட்டால் எங்களிடம் இருக்கின்றன. உள்மடிப்பில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது: நாகசுரம் யார், தவில் யார், பம்பை யார், தமுக்கு யார், உடன்பாடியவர்கள் யார், நான்கு பாட்டுக்கு வரிகள் எழுதியவர் யார். உங்கள் தொகுப்பில் இத்தனை பேரும் ஒரே சொல்லாகிவிட்டார்கள்: ‘குழுவினர்’. பாட்டு எழுதியவர் இடத்தில் இருபது பாட்டுக்கும் ‘பாரம்பரியம்’.

‘பாரம்பரியம்’ என்று போடுவது எளிது, யாருக்கும் பணம் தர வேண்டாம். ஆனால் ஊர் வாயில் புழங்குவதெல்லாம் ஆளில்லாத பாட்டு அல்ல. ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரன் குரலில் மேடை மேடையாகப் போய்ச் சேர்ந்து, கேட்டவர்கள் பலருக்கு ஊர்ப்பாட்டாகவே ஆகிவிட்டது. எழுதியவர் கவிஞர் இன்குலாப். உறையிலேயே பெயர் அச்சாகியிருக்கும்போது தெரியாது என்ற சமாதானமும் உங்களுக்குக் கிடையாது.

1964இல் வந்த நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், சேகரித்த ஊர். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அதற்கு இடம் கிடைத்தது. உங்களிடம் இருப்பது கணினியில் நிரப்ப வேண்டிய சில கட்டங்கள். அமெரிக்காவில் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் 2,168 ஆல்பங்களை 1987இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் வாங்கியபோது, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றையும் நிறுத்தக் கூடாது என்பது நிபந்தனை. அந்த ஆல்பங்களின் விளக்கக் கையேட்டை இன்றும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். அந்த அளவுக்கு உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. உறையில் இருப்பதை உள்ளபடி போட்டால் போதும்.

இதுவும் சட்டத்தில் இருப்பதுதான். 52ஏ பிரிவின்படி, ஒலிப்பதிவை வெளியிடும்போது பதிவுசெய்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் காட்டப்பட வேண்டும். உங்கள் தொகுப்பில் இருப்பது தொகுப்பு வெளிவந்த ஆண்டு மட்டும். கேசட் வந்த ஆண்டு எங்குமே இல்லை. இது வெறும் சம்பிரதாயக் குறை இல்லை. ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. முதல் ஆண்டை மறைத்தால் அந்தக் கணக்கையே யாரும் பார்க்க முடியாது.

தலைப்புகளின் கதையையும் சொல்ல வேண்டும், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்து, பிறகு அதை யாரோ தமிழுக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஏற்றப் பாட்டு ‘எட்ரா பாட்டு’ ஆகிவிட்டது. களத்துமேட்டுப் பாட்டு ‘காலத்து மேட்டு பாட்டு’. பாடகியின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியதால் ஒரே தளத்தில் அவருக்கு மூன்று பக்கங்கள். ஒன்றில் ஏழு பாட்டு, ஒன்றில் பன்னிரண்டு, ஒன்றில் ஒன்று. தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஐஎஸ்ஆர்சி எண்ணிலும் இதே குளறுபடி. அது 12 இடம் கொண்ட எண், ஓர் ஒலிப்பதிவுக்கு ஒன்றுதான். முன்பே நீங்கள் தனிப்பாட்டாக வெளியிட்ட ஆறு பாட்டுகளுக்கும் தொகுப்பில் புது எண் கொடுத்திருக்கிறீர்கள். இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை ஒரு பக்கம், இனிக் கேட்பவர்களின் எண்ணிக்கை மறுபக்கம் என்று பிரிந்து கிடக்கும்.

இதைவிடப் பெரிய அநியாயம் யூடியூபில் நடக்கிறது. ஒத்த ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் காண்டென்ட் ஐடி அமைப்பில் தொகுப்பை நீங்கள் ஏற்றிய பிறகு, கோயில் கொடையில் அந்த அம்மாவே நேரில் பாடிய வீடியோக்களுக்கு உரிமைகோரல் வருகிறது. அவர் மெட்டும் உங்கள் மெட்டும் ஒத்துப்போகிறதாம்! ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அதே பாட்டைப் பாடும் பக்கத்து மாவட்டக் குழுக்களுக்கும் வருகிறது. தொகுப்பில் ‘பாரம்பரியம்’ என்று போட்டது நீங்கள். பாரம்பரியம் என்றால் மெட்டு உங்களுடையது இல்லை. உங்களுடையதென்றால் பாரம்பரியம் இல்லை. தனக்கு மட்டுமே உரிமையுள்ளதைத்தான் அங்கே ஏற்றலாம் என்பது யூடியூபின் சொந்த விதி. மறுப்புத் தெரிவித்தால் நீங்கள் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். திருவிழா வீடியோவுக்குக் கூட்டம் வருவது முதல் வாரத்தில்தான்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கேசட் காலத்தில் ஒருநாள் ஒலிப்பதிவுக்கு ஒரு தொகை, போக வரப் பேருந்துக் காசு, மதியச் சாப்பாடு. அதோடு முடிந்தது. ஒலிப்பதிவின் உரிமை பணம் போட்டவருக்கு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பாட்டு வரியும் மெட்டும் வேறு சொத்து. 19ஆம் பிரிவின்படி அவை எழுத்தில்தான் கைமாற முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்ள வேண்டும். வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துபவருக்கு ராயல்டி உண்டு என்று 38ஏ சொல்கிறது. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்தை அதில் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் அந்த ஊடகத்துக்கு ஒப்பந்தம் செல்லாது என்று 18ஆம் பிரிவில் 2012இல் சேர்த்தார்கள். இவையெல்லாம் பழைய கேசட்டுக்குப் பின்னோக்கிப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். 1980களின் முத்திரைத்தாளில் ஸ்ட்ரீமிங் என்ற சொல் இருந்திருக்காது என்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

செலவு கட்டுப்படியாகாது என்று பதில் வரலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்த இருபது பாட்டுக்கும் மூலம் 12 கேசட். ஒவ்வொன்றும் 60 நிமிடம். சுத்தம் செய்ய, கோணம் பார்க்க, இருபக்கமும் ஓட்ட, கேட்டுச் சரிபார்க்க என்று கேசட்டுக்கு மூன்று மணி நேரம் வைத்தாலும் மொத்தம் 36 மணி நேரம். ஓர் ஆள், ஒரு வாரம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு கேசட்டுக்கு ஏறக்குறைய 2 ஜிபி, பன்னிரண்டுக்கும் 25 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கும். உங்கள் அட்டைப்படத்தில் பாடகிக்குப் பின்னால் கணினியில் வரைந்து வைத்திருக்கும் தென்னந்தோப்புக்கு இதைவிட அதிகம் செலவாகியிருக்கும்.

ஸ்டுடியோவின் மூல ஸ்பூல் நாடா உங்கள் அறையில் இருந்தால் கேசட்டை விட அதுவே மேல். ஆனால் எடுத்தவுடன் ஓட்டிவிடாதீர்கள். 1970, 80களின் சில நாடாக்களில் பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுத்திருக்கும். ஓட்டினால் ஹெட்டில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு கீச்சிடும், பாட்டு பூச்சோடு உரிந்து வந்துவிடும். அப்படிப்பட்டதை ஆய்வகத்து அடுப்பில் 50 முதல் 55 டிகிரியில் எட்டு மணி நேரமாவது வைத்து உலர்த்தி, ஆறவிட்டு, அதன் பிறகுதான் ஓட்ட வேண்டும். சமையலறை ஓவன் ஆகவே ஆகாது, அதன் சூடு ஒரே சீராக நிற்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுருளில் ஒளி ஊடுருவும் நாடா அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக் வகை. அதைச் சூடாக்கவே கூடாது. கேசட்டில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யாமல் டெக்கில் போடாதீர்கள், ஒரு கேசட்டின் பூஞ்சை மற்ற பதினொன்றுக்கும் பரவும். உள்ளே செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் அழுந்தாது. ஐந்து திருகு வைத்த புதுக் கூட்டுக்கு நாடாவை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

அவசரப்படுத்தவும் காரணம் உண்டு. கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரியில் போனார். பரவை முனியம்மா 2020 மார்ச்சில். கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில். கேசட் காலத்துத் தொண்டைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் தொகுப்பின் பாடகி இருக்கிறார், அவரோடு தவில் வாசித்தவர் இருக்கிறார். விருத்தத்தில் வரும் ஊர்ப்பெயர் எது, இந்த வரி யாருடையது என்று கேட்டால் இன்றைக்குப் பதில் கிடைக்கும்.

நாங்கள் கேட்பவை இவை.

இப்போது தளங்களில் இருக்கும் தொகுப்பை நிறுத்துங்கள். வேகமும் கோணமும் சரிபார்த்த டெக்கில், கிடைக்கும் மூலங்களில் சிறந்ததிலிருந்து, இருபது பாட்டையும் மறுபடி எடுத்து மூன்று மாதத்துக்குள் அதே இடத்தில் வையுங்கள். பாட்டுகள் முழுநீளத்தில் இருக்கட்டும். கதைப்பாட்டின் இரண்டு பக்கங்களும் சேர்ந்தே வரட்டும். ஒப்பாரிக்கு அடியில் இருக்கும் தாளத்தை எடுத்துவிடுங்கள். ரீமிக்ஸ்தான் வேண்டுமென்றால் பாடகியின் எழுத்துச் சம்மதத்தோடு, ரீமிக்ஸ் என்று பெயர் போட்டுத் தனியே வெளியிடுங்கள். வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சுருதி சரியா என்று அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இன்லே கார்டில் உள்ள அத்தனை பெயர்களையும் வாத்தியத்தோடு, தமிழ் எழுத்தில் ஏற்றுங்கள். முதல் வெளியீட்டு ஆண்டைப் போடுங்கள். எழுதியவர் தெரிந்த நான்கு பாட்டுக்கும் ‘பாரம்பரியம்’ என்பதை நீக்குங்கள். மற்ற பதினாறுக்கும் எந்த வட்டாரத்தில் யாரிடம் கற்றது என்று பாடகியிடம் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். பாடகியின் மூன்று பக்கங்களை ஒன்றாக்குங்கள். பழைய ஆறு பாட்டுக்கும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே பயன்படுத்துங்கள்.

நேரடி நிகழ்ச்சி வீடியோக்களின் மீது போட்டிருக்கும் உரிமைகோரல்களை இந்த வாரமே விடுவியுங்கள். உங்கள் ஒலிப்பதிவையே எடுத்துப் போட்டவர்களைத் தவிர வேறு யார் மீதும் மெட்டுக்காக உரிமை கோராதபடி அமைப்பை மாற்றுங்கள்.

தளங்களில் ஏறிய நாளிலிருந்து வந்த வருமானக் கணக்கைப் பாடகிக்கு எழுத்தில் கொடுங்கள். அவருக்கும் பாட்டு எழுதியவர்களுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் என்ன பங்கு என்பதைப் புது ஒப்பந்தமாக, தமிழில், ஆண்டு குறிப்பிட்டு எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுங்கள். ஆட்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் விசாரியுங்கள், அங்கும் கிடைக்காவிட்டால் எங்களிடம் கேளுங்கள்.

திருத்தாத மூலக் கோப்புகளின் ஒரு பிரதியைப் பாடகியின் வீட்டுக்கும், ஒரு பிரதியை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள். விற்பனை உரிமை உங்களிடமே இருக்கட்டும்.

இன்றிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறோம். சோதனை நாடா, சரிபார்த்த டெக், 12 கேசட்டின் உறை நகல்கள், கதைப்பாட்டின் பி பக்கம் எல்லாம் எங்களிடம் தயாராக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் அன்றே தருகிறோம்.

இப்படிக்கு,
ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் தொழில்நுட்பர்கள், பாட்டுச் சேகரிப்பாளர்கள், பக்கவாத்தியக் கலைஞர்கள்